ஹோட்டன் சமவெளிக்கு ஒரு சுற்றுலா: திட்டமிடுவது எவ்வாறு?



“சுற்றுலா ஒன்றைத் திட்டமிடுக” என்று கேட்டால் நம்மில் அநேகர் முதலில் எழுதுவது பஸ், சாப்பாடு, பணம் ஆகிய மூன்றையுமே. இவை தேவையானவைதான். ஆயினும் மலையுச்சியில் அமைந்த ஒரு தேசிய பூங்காவுக்குச் செல்லும்போது, இவை மூன்றும் சரியாக அமைந்த பின்னரும் பயணம் வீணாகிவிடலாம். எவ்வாறு என்பதை முதலில் ஒரு சம்பவத்தால் விளக்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் குழுவொன்றை ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துச் சென்றோம். மாலை 6 மணிக்குப் புறப்படவேண்டிய பஸ் இரவு 8 மணிக்கே புறப்பட்டது. வழியில் தேநீருக்காக இரண்டு தடவை நிறுத்தினோம். கண்டியில் ஒருவருக்கு வாந்தி. இவ்வாறாக நாம் சமவெளியை அடைந்தபோது காலை 10 மணி. அங்கிருந்து நடந்து “உலக முடிவு” என்னும் செங்குத்துப் பாறை விளிம்பை அடைந்தபோது பதினொன்றரை. எதிரே இருந்தது வெள்ளைச் சுவர் ஒன்று மட்டுமே. பள்ளமும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. “சேர், இதுதானா உலக முடிவு?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுடைய தாயார் அப்பயணத்துக்கான பணத்தை மூன்று மாதம் சேமித்துக் கொடுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

அன்று நாம் விட்ட பிழை என்ன? பஸ் தாமதமானது என்று சொல்லித் தப்பிவிடலாம். உண்மையான பிழை அதுவன்று. நாம் யாழ்ப்பாணத்திலிருந்து முன்னோக்கித் திட்டமிட்டோம். உலக முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டிருக்க வேண்டும். இதன் பொருளை விளங்கிக்கொள்ள அவ்விடத்தின் புவியியலைச் சற்று நோக்குவோம்.

இடத்தை அறிதல்

ஹோட்டன் சமவெளி மத்திய மலைநாட்டில் நுவரெலியா மாவட்டத்தில் அமைந்துள்ளது. சிங்களத்தில் இதனை மகா எலிய என்பர். 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த ரொபேட் வில்மட் ஹோட்டன் என்பவரின் பெயரே பின்னர் இதற்கு வழங்கலாயிற்று. 1969 இல் இயற்கை ஒதுக்கமாகவும், 1988 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து “இலங்கையின் மத்திய உயர்நிலங்கள்” என்ற பெயரில் உலக மரபுரிமையாக யுனெஸ்கோவினால் ஏற்கப்பட்டது. பரப்பளவு ஏறத்தாழ 3,160 ஹெக்டயர் ஆகும்.

“சமவெளி” என்ற சொல்லைக் கேட்டு ஏமாறாதீர்கள். இது கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட குத்துயரத்தில் உள்ள அலையுருவான மேட்டுநிலம். இலங்கையின் இரண்டாவது உயரமான சிகரமாகிய கிரிகல்பொத்தை (2,395 மீற்றர்), மூன்றாவது உயரமான தொட்டுபொல மலை (2,357 மீற்றர்) ஆகிய இரண்டும் இப்பூங்காவிலேயே உள்ளன. மேட்டுநிலத்தின் தெற்கு விளிம்பு திடீரென முறிந்து, 850 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்குகிறது. அதுவே உலக முடிவு. அதற்குச் சிறிது முன்னால், ஆழம் குறைந்த “சிறிய உலக முடிவு” உள்ளது. வானம் தெளிந்த காலையில் கீழே தேயிலைத் தோட்டங்களும், தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல லயன் வீடுகளும், தொலைவில் உடவளவை நீர்த்தேக்கமும் தென்படும். மிகத் தெளிவான நாட்களில் தென்கடல் வரை பார்வை செல்லும்.

மூடுபனி ஏன் நேரம் தவறாமல் வருகிறது?

எமது திட்டத்தின் மையப்புள்ளி இதுவே. ஆகையால் இப்பகுதியை ஆறுதலாக வாசியுங்கள்.

இரவில் மலைச்சாய்வுகள் விரைவாகக் குளிர்கின்றன. அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் வளியும் குளிர்ந்து, அடர்த்தி கூடி, பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. இது மலைக் காற்று. கீழிறங்கும் வளியில் முகில் உருவாவது கடினம். அதனால் விடியற்காலையில் பாறை விளிம்பு பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

சூரியன் உதித்ததும் நிலைமை மாறுகிறது. தெற்கேயுள்ள தாழ்நிலமும் சாய்வுகளும் வெப்பமடைகின்றன. அவற்றின் மேலுள்ள ஈரப்பதன் கொண்ட வளி சூடாகிச் சாய்வு வழியே மேலேறுகிறது. இது பள்ளத்தாக்குக் காற்று. மேலேறும் வளி விரிவடைந்து குளிர்கிறது. ஓர் உயரத்தில் அதன் வெப்பநிலை பனிபடுநிலையை அடைய, நீராவி ஒடுங்கிச் சிறு நீர்த்துளிகளாகிறது. கீழேயிருந்து பார்ப்பவருக்கு அது மலையில் தங்கிய முகில். உலக முடிவில் நிற்பவருக்கு அதுவே மூடுபனி.

இந்த ஒழுங்கு பெரும்பாலான நாட்களில் காலை 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் பாறை விளிம்பை எட்டிவிடுகிறது. சில நாட்களில் முந்தும், சில நாட்களில் பிந்தும். ஆனால் “ஒருவேளை இன்று பிந்தலாம்” என்று நம்பிப் பயணம் போவது திட்டமிடல் ஆகாது. 9 மணிக்கு முன்னர் உலக முடிவில் நிற்கவேண்டும் என்பதையே முதல் நிபந்தனையாகக் கொள்ளுங்கள்.

பின்னோக்கி எண்ணுதல்

இனி மணிக்கூட்டைப் பின்னோக்கித் திருப்புவோம்.

நாற்பது பேர் கொண்ட குழு எட்டரை மணிக்கு உலக முடிவில் நிற்கவேண்டும் எனக் கொள்வோம். நடைபாதை தொடங்கும் இடம் ஃபார் இன் எனப்படும் பழைய கட்டடம். அங்கிருந்து சிறிய உலக முடிவு வழியாக உலக முடிவுக்கு நான்கு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். தனியொருவர் ஒன்றேகால் மணித்தியாலத்தில் நடப்பார். நாற்பது பேர் அவ்வாறு நடக்கமாட்டார்கள். பாதை கரடுமுரடானது, நின்று பார்க்கவேண்டியவையும் உண்டு. ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். எனவே 6.45 இற்கு நடை தொடங்கவேண்டும்.

நடை தொடங்குமுன் அனுமதிச்சீட்டு வாங்குதல், பைகளைச் சோதனைக்குக் கொடுத்தல், மலசலகூடம் செல்லுதல் என்பவற்றுக்கு முக்கால் மணித்தியாலமாவது போகும். ஆகவே 6 மணிக்கு நுழைவாயிலில் நிற்கவேண்டும். நுவரெலியா நகரிலிருந்து பட்டிப்பொல வழியாகச் சமவெளிக்கு ஏறத்தாழ 32 கிலோமீற்றர். வளைவுகள் நிறைந்த பாதை, இருட்டு வேளை, மூடுபனியும் இருக்கலாம். ஒன்றரை மணித்தியாலம் என்று கணக்கிட்டால் 4.30 இற்குப் புறப்பட வேண்டும். மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். மூன்றரைக்கு எழுபவர் இரவு 9 மணிக்காவது உறங்கியிருக்க வேண்டும். அதாவது முதல்நாள் மாலை ஆறு, ஏழு மணிக்குள் நுவரெலியாவை அடைந்து சாப்பிட்டாக வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி 321 கிலோமீற்றர். கண்டியிலிருந்து நுவரெலியா இன்னும் எழுபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல். ஏறத்தாழ 400 கிலோமீற்றரைப் பஸ்ஸில், நிறுத்தங்களுடன் கடக்கப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் மேல் செல்லும். ஆகவே முதல்நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னரே பஸ் புறப்பட வேண்டும். இப்போது பாருங்கள்: உலக முடிவில் ஒன்பது மணிக்கு எழும் மூடுபனி, முதல்நாள் யாழ்ப்பாணத்தில் நீங்கள் எத்தனை மணிக்குக் கண்விழிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது! இரவு முழுவதும் பஸ்ஸில் ஓடி நேரே மலையேறும் எமது பழைய திட்டம் ஏன் தோற்றது என்பதும் விளங்கும். தாமதத்துக்கு அதில் இடமே இருக்கவில்லை. நுவரெலியாவில் ஓர் இரவு தங்கினால், முதல்நாள் ஏற்படும் இரண்டு மணித்தியாலத் தாமதத்தை அந்த இரவு விழுங்கிவிடும்.

மட்டக்களப்பு மாணவர் செங்கலடி – பதுளை வீதியால் வருவதாகவும், கொழும்பு மாணவர் ஹட்டன் வழியாக வருவதாகவும் கொண்டு இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள்.

புகையிரதத்தில் செல்ல விரும்புவோர் பட்டிப்பொல அல்லது ஒஹிய நிலையத்தில் இறங்கலாம். பட்டிப்பொல இலங்கையில் மிக உயரத்திலுள்ள புகையிரத நிலையமாகும். 6,200 அடிக்குச் சற்று மேல். இவ்விரு நிலையங்களுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தின் ஒரு பக்கத்தில் மழை கொட்ட, மறுபக்கத்தில் வெயில் எறிப்பதைப் பிரயாணிகள் கண்டிருக்கிறார்கள். மலைத்தொடர் பருவக்காற்றைத் தடுத்து மழையொதுக்கை உண்டாக்குவதை இதைவிட அழகாக எந்தப் பாடநூல் படமும் காட்டாது. ஆனால் பகல் புகையிரதத்தில் வருபவர் மூடுபனிக்கு முன் உலக முடிவை அடைய முடியாது. அருகில் ஓர் இரவு தங்கியே ஆகவேண்டும்.

எந்த மாதம்?

மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேட்டுநிலத்தைப் பலமாகத் தாக்கும். மழையும் காற்றும் அதிகம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ மழையுடன் சூறாவளி அபாயமும் சேரும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது ஏற்பட்ட மண்சரிவுகளால் மலைநாட்டு வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்ததை நாம் அறிவோம். ஆகையால் எந்த மாதத்தில் சென்றாலும், புறப்படும் வாரத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கையையும், மண்சரிவு எச்சரிக்கைகளையும், பாதையின் நிலையையும் விசாரித்தறிவது பொறுப்பாசிரியரின் கடமை.

ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே மிகப் பொருத்தமானது. மழை குறைவு, காலை வானம் தெளிவு. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகால விழாக்கள் நடைபெறுவதால் சனநெரிசலும் தங்குமிட வாடகையும் உச்சத்தில் இருக்கும். பாடசாலை மாணவருக்கு அது ஏற்ற காலமல்ல என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஜனவரிக்கும் ஒரு விலை உண்டு. அது குளிர். கடல் மட்டத்தில் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸ் எனக் கொள்வோம். 1,000 மீற்றர் உயர்வுக்கு வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். 2,100 மீற்றரில் குறைவு 2.1 × 6.5 = 13.65 பாகை. ஆகவே அங்கு சராசரி வெப்பநிலை 13 பாகை அளவில் இருக்கவேண்டும். உண்மையான ஆண்டுச் சராசரியும் ஏறத்தாழ அதுவே. கணக்கு இவ்வளவு பொருந்தி வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் சராசரியை நம்பி ஒரு மெல்லிய சட்டையுடன் போய்விடாதீர்கள். முகிலற்ற இரவில் தரை வெப்பத்தைக் கதிர்வீசி இழப்பதால் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அதே நாள் நண்பகலில் வெயில் சுடும். எனவே ஒரே தடித்த அங்கியைவிட, ஒவ்வொன்றாகக் கழற்றக்கூடிய இரண்டு மூன்று உடைகளே நல்லது. காதை மூடும் தொப்பி, வழுக்காத சப்பாத்து, மழைக்கவசம் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்புடன் வந்த மாணவர் திரும்பும்போது நொண்டிக்கொண்டே வருவர்.

அவ்வுயரத்தில் வளியமுக்கம் கடல் மட்டத்திலும் பார்க்க ஐந்திலொரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைவு. சுகதேகிகளுக்குச் சிறிது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆஸ்துமா உள்ளவர் மருந்துக் குழலைப் பஸ்ஸில் வைத்துவிட்டுச் செல்லக்கூடாது, சட்டைப்பையில் இருக்கவேண்டும்.

எந்தப் பக்கமாக நடப்பது?

நடைபாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நீளமான ஒரு சுற்று. தொடங்கிச் சிறிது தூரத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சிறிய உலக முடிவு வழியாக உலக முடிவுக்கும், மற்றையது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கும் செல்லும். இரண்டும் பின்னர் சந்திக்கும். எதை முதலில் பார்ப்பது? மூடுபனியிலும் நீர்வீழ்ச்சி தெரியும். மழைக்குப்பின் அது இன்னும் அழகு. பாறை விளிம்பு அப்படியல்ல. ஆகவே காத்திருக்காததை முதலிலும், காத்திருப்பதைப் பின்னரும் பார்க்கவேண்டும். பேக்கர் நீர்வீழ்ச்சி ஏறத்தாழ 20 மீற்றர் உயரமானது. வளவை கங்கையின் கிளையாகிய பெலிகுல் ஓயா அதில் வீழ்கிறது.

வழியெங்கும் புல்வெளியும் காடும் மாறிமாறி வரும். காட்டு மரங்கள் குட்டையானவை. காற்றினால் குடைபோல் தட்டையான உச்சி கொண்டவை. கிளைகளில் பாசியும் இலைக்கனும் தொங்கும். இமயமலை மரத்துக்கு உறவான சிவப்புப் பூ மரமொன்று இங்குண்டு. சிங்களத்தில் மகா ரத்மல் என்பர். மரைகளை அதிகாலையில் கூட்டமாகக் காணலாம். மூக்கில் கொம்புள்ள ஓணான் இலங்கைக்கே உரியது. பொறுமையாகத் தேடுபவர் கண்ணுக்கு மட்டுமே படும். பூண்டற்றுப் போயிற்று எனக் கருதப்பட்ட ஹோட்டன் சமவெளித் தேவாங்கு 2009 இல் முதன்முறையாகப் புகைப்படமாகப் பிடிக்கப்பட்டது. அது இரவு விலங்காதலால் நீங்கள் காணப்போவதில்லை. ஆனால் நீங்கள் நடக்கும் பாதைக்கருகே ஒரு கிளையில் அது உறங்கிக்கொண்டிருக்கலாம் என எண்ணினாலே சத்தம் போட மனம் வராது.

ஏன் பையைச் சோதிக்கிறார்கள்?

நுழைவாயிலில் வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் பைகளைத் திறந்து பார்ப்பர். பிஸ்கட் உறைகளைக் கழற்றிக் கடதாசிப் பையில் இடுவர். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் தாளையும் கிழித்தெடுப்பர். மாணவர் சிலர் இதற்கு எரிச்சலடைவதைக் கண்டிருக்கிறேன். நாற்பது பைகளையும் திறந்து காட்ட அரை மணித்தியாலம் போகும் என்பதும் உண்மை. ஆகவே சோற்றுப் பொதியை லஞ்ச் சீற்றில் கட்டாமல் வாழையிலையிலோ பெட்டியிலோ கொண்டு செல்லுங்கள். உறைகளை விடுதியிலேயே கழற்றிவிடுங்கள். நேரம் மிஞ்சும்.

காரணம் என்னவெனில், உப்புச் சுவையும் உணவு மணமும் உள்ள பொலித்தீனை மரைகள் விழுங்குகின்றன. அது சமிபாடடையாமல் குடலை அடைக்கிறது. அதேபோல மரைக்குப் பாணும் பிஸ்கட்டும் கொடுப்பதும் கூடாது. மனிதரிடம் கையேந்தப் பழகிய விலங்கு குப்பையையும் உண்ணப் பழகுகிறது.

இன்னொரு காரணம் இன்னும் பெரியது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளின் ஊற்றுநீர் இம்மேட்டுநிலத்திலிருந்தும் வருகிறது. மூடுபனியின் துளிகளை மரங்களும் பாசியும் வடித்துக் கீழே சொட்டுகின்றன. கரிய மண் அதைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெதுவாக விடுகிறது. கொழும்பில் குழாய்நீர் குடிக்கும் பிள்ளையும், மகாவலி நீரில் வயல் விதைக்கும் விவசாயியும், உடவளவையில் கரும்பு நடுபவரும் இதனோடு தொடர்புடையவர்களே. 1960களில் இச்சமவெளியின் ஒரு பகுதியில் விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டது. உழுத நிலம் எளிதில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பாதையை விட்டிறங்கிக் குறுக்கே நடக்கக்கூடாது என்ற விதியும் இதனாலேயே. வரண்ட மாதங்களில் புல்வெளி தீப்பற்றுவதால் தீப்பெட்டியும் கூடாது.

விளிம்பில் நிற்கையில்

உலக முடிவில் ஒரு விதியே போதும்: புகைப்படம் எடுக்கும்போது யாரும் பின்னோக்கி நகரக்கூடாது. 2015 இல் ஒல்லாந்து நாட்டவர் ஒருவர் மனைவியைப் படமெடுக்கையில் பின்னோக்கி அடி வைத்து விழுந்தார். கீழே ஒரு மரத்தில் தங்கியமையால் உயிர்தப்பி, இராணுவத்தினரால் மீட்கப்பட்டார். எல்லோருக்கும் மரம் கிடைப்பதில்லை. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் செல்லுங்கள். புறப்படும்போதும் விளிம்பிலும் திரும்பும்போதும் தலை எண்ணுங்கள். மூடுபனி வந்தபின் விளிம்பில் நிற்பதில் பயன் ஏதுமில்லை; அபாயம் மட்டுமே உண்டு.

செலவைப் பங்கிடல்

பஸ் வாடகை 120,000 ரூபா எனக் கொள்வோம். 40 பேர் சென்றால் ஒருவருக்கு 3,000. எட்டுப் பேர் கடைசி நேரத்தில் விலகினால் 3,750. உணவு, அனுமதிச்சீட்டு என்பன ஆளுக்கேற்ப மாறும் செலவுகள். பஸ் வாடகை மாறாச் செலவு. பெயர் கொடுத்துவிட்டு விலகுபவர் தன் பங்கை மற்றவர் தலையில் ஏற்றுகிறார் என்பதைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கட்டணம் செலுத்த இயலாத மாணவர் ஒருவரோ இருவரோ எந்த வகுப்பிலும் இருப்பர். அவர்களின் பங்கைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துப் பகிர்ந்துகொண்டால் யாருடைய பெயரும் வெளியில் வராது. அனுமதிச்சீட்டுக் கட்டணங்கள் மாறுபவை. ஆதலால் அதிபரின் கடிதத்துடன் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வலயக் கல்வி அலுவலக அனுமதிக்கும் பெற்றோரின் சம்மதக் கடிதங்களுக்கும் சில வாரங்களாவது தேவைப்படும்.

விடை எழுதும்போது

இவ்விடயம் தமிழில் கட்டுரையாகவோ கடிதமாகவோ, புவியியலில் அமைப்புக் கட்டுரை வினாவாகவோ வரலாம். “அதிகாலையில் செல்லவேண்டும்” என்று மட்டும் எழுதுபவர் ஆலோசனை எழுதியவராவார். “பள்ளத்தாக்குக் காற்றினால் முற்பகலில் மூடுபனி எழுவதால் 9 மணிக்கு முன் உலக முடிவை அடையவேண்டும்” என்று எழுதுபவர் காரணத்தோடு எழுதியவராவார். ஒவ்வொரு ஏற்பாட்டின் பின்னும் “ஏனெனில்” என்ற சொல்லை மனத்துள் வைத்து வசனத்தை முடித்துப் பாருங்கள். முடிக்க முடியாத ஏற்பாடு பெரும்பாலும் திட்டத்துக்குத் தேவையற்றதாகவே இருக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. உமது ஊரிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு வகுப்பு மாணவர் செல்கின்றனர். காலை 8.30 இற்கு உலக முடிவில் நிற்கும் வகையில் நேர அட்டவணையொன்றைப் பின்னோக்கித் தயாரிக்குக.

2. கடல் மட்டத்தில் வெப்பநிலை 28 பாகை செல்சியஸ் ஆயின், கிரிகல்பொத்தைச் சிகரத்தில் எதிர்பார்க்கத்தக்க வெப்பநிலையைக் கணிக்குக. விடியற்காலையில் உண்மையான வெப்பநிலை இதனிலும் குறைவாக இருப்பதற்குக் காரணம் ஒன்று தருக.

3. மழை பெய்யும் ஒரு காலையில் குழு பூங்காவை அடைகிறது. நடைபாதையில் அவர்கள் செல்லும் திசையை மாற்றவேண்டுமா? காரணங் காட்டி எழுதுக.

4. பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுசெல்வதைத் தடுக்கும் விதியை ஏற்க மறுக்கும் நண்பனுக்கு ஒரு கடிதம் எழுதுக.